காக்கா வலிப்பு

காக்காய்க்கும் இந்த நோய்க்கும் அப்படி என்ன உறவு? வெகு காலம் எனக்கு இதில் ஒரு கோபம். ஊரே காக்கா வலிப்பு என்கிறது; பாவம், எந்தக் காக்காயும் விழுந்து நுரை தள்ளி நான் பார்த்ததில்லை. பொன்னேரி டாக்டரம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காலும் கையும் இழுக்குதில்ல, அதனால கால் கை வலிப்பு. சொல்லிச் சொல்லிக் காக்கை ஆச்சு, அப்புறம் காக்கா. மூளையில ஓடுற கரண்டு கொஞ்சம் எக்குத்தப்பா ஓடுது, அவ்ளோதான். மாத்திரைய விட்டுடாத."

அம்மாவிடம் இந்த விளக்கமெல்லாம் எடுபடாது. "வாயத் தொறந்தே, கல்யாணம் நின்னுடும்" என்பாள். தட்டு மாற்றி முடிந்திருந்தது. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அங்கேயே ஒரு கேன்டீனில் சமையல் வேலை. மீஞ்சூரிலேயே ஏறி, பெண்கள் பெட்டியில், பொன்னேரியில் ஏறும் எனக்கு இடம் போட்டு வைப்பார். தினமும் அந்த அத்தை பக்கத்தில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்று கவரைப்பேட்டை தாண்டியதும் வந்தது. வருவதற்கு முன் எல்லாமே அழகாகிவிடும், சொன்னால் யார் நம்புவார்கள்! ஜன்னல் வெளிச்சம் பாலாகத் தளும்பியது. யார் தலை மல்லியோ எங்கோ தொலைவில் மணத்தது. வயல்கள் அசையாமல் நிற்க, ரயில் மிதந்தது. அத்தையின் வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. ஐயோ, இவர் முன்னாலேயா என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

கண் திறந்தபோது அத்தை மடியில் கிடந்தேன். கை நிறைய இரும்பு. வலிப்பு வந்தால் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஒரு பயனும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், யார் கேட்கிறார்கள்? ஒருத்தி போல்ட்டு, ஒருத்தி பாக்குவெட்டி, ஒருத்தி டிபன் பாக்ஸ் ஸ்பூனைக்கூடத் திணித்திருந்தாள். அவரவர் சாமானை எடுத்துக்கொண்டார்கள்.

"இன்னாமா, காக்கா வலிப்பா? கண்ணாலம் ஆவப்போற பொண்ணாச்சே" என்றாள் ஒருத்தி.

"அதுக்கு ஒனக்கு இன்னா இப்போ? பேசாம போ" என்று சீறினார் அத்தை. பிறகு என்னிடம் குனிந்து, "மாத்திர ஒழுங்கா போட்டுக்கினு வரியா?" என்றார்.

தலையாட்டினேன். கடித்த நாக்கு வலித்தது. போச்சு, எல்லாம் போச்சு. கையில் மிச்சமிருந்த சாவிக்கொத்தை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்காமல் என் விரல்களை மூடினார்.

"நம்ம ஊட்டுச் சாவிதான். நீயே வெச்சுக்கமா."

வண்டி நின்று எல்லோரும் இறங்கிய பிறகும் அழுதுகொண்டிருந்தேன்.