அரிசி டிரம்மின் மேல் நான்கு நாள்

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலையிலிருந்தே என் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வீடு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு பெரிய வீட்டின் கொல்லையில், ஓடு போட்ட ஓர் அறை. அவ்வளவுதான். பக்கத்து மனைத் தென்னை முறிந்து விழுந்ததில் பாதி ஓடு போய்விட்டது. கதவு கீல் பெயர்ந்து சாய்ந்து கிடந்தது. வந்தவர்கள் எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள். சொன்ன வாயை நான் பார்க்கவில்லை, கண் எங்கே போகிறது என்றுதான் பார்த்தேன். முதலில் கொடிக்கயிற்றுக்குப் போகும். அங்கிருந்து சுவரில் அடித்த பலகைக்குப் போகும். அதற்கு அப்புறம்தான் என் முகத்துக்கு வரும்.

அதற்குக் காரணம் இருந்தது. நான் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துப் பிழைத்தவள். கீழ்க்கரையில் கெட்டித்துணியை வைத்து, வெளியில் ஊசி போனதே தெரியாமல் கையால் தைப்பேன். மெஷினில் அடித்தால் பட்டு சுருங்கும் என்று தெரிந்தவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். தி. நகரிலிருந்துகூட வந்தார்கள். அந்தக் காலத்தில் என் பெயருக்கு மேல் எனக்கு எழுத வராது. அதனால் சீட்டு எழுதிக் குத்துவதில்லை. வீட்டுக்கு ஒரு நூல் வைத்திருந்தேன். இந்த வீட்டுக்கு நீலம் ஒரு முடிச்சு, அந்த வீட்டுக்குச் சிவப்பு மூன்று முடிச்சு என்று முந்தானை ஓரத்தில் கட்டிவிடுவேன். ஒரு நாளும் ஒருத்தி புடவை இன்னொருத்திக்குப் போனதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

புயல் வந்த அன்று கொடியிலும் பலகையிலுமாக என்னிடம் பதினோரு புடவை இருந்தது. அதில் ஒன்று முகூர்த்தப் பட்டு. தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பெண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம். அரக்குச் சிவப்பு, ஒரு சாண் ஜரிகை. பாதிவரைக்கும்தான் தைத்திருந்தேன்.

மத்தியானம் காற்று ஊளையிட ஆரம்பித்ததும் ஓடு ஒவ்வொன்றாகத் துள்ளிற்று. அப்போது என் வீட்டில் தண்ணீர் போகாத சாமான் ஒன்றே ஒன்றுதான், அரிசி டிரம். தகர டிரம், மூடி இறுக்கமாக இருக்கும். ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் அந்த மாதத்து ரேஷன் அரிசியை மூலையில் கொட்டிவிட்டு, பதினோரு புடவையையும் பழைய வேட்டியில் சுற்றி உள்ளே வைத்தேன். மூடிக்கும் கொண்டிக்கும் நடுவில் ஃபால்ஸ் தைக்கிற நூலை இரண்டு மடிப்பாக விட்டு முடிச்சுப் போட்டேன். பூட்டு கிடையாது. நூல் அறுந்தால் யாரோ திறந்தார்கள் என்று தெரியுமே, அதற்காக. அப்புறம் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். தென்னை விழுந்தபோதும் அங்கேதான் இருந்தேன். அரிசி சேற்றோடு கரைந்து வாசல் சாக்கடைக்குப் போயிற்று. ஒரு மணிகூட மிச்சமில்லை.

மறுநாள் முதலில் வந்தவள் முன்கட்டு மாமி. என் வயதுதான் இருக்கும். கையில் பிளாஸ்க்.

"என்ன கண்ராவிம்மா இது! பால் கெடைக்கலை, கறுப்புக் காப்பிதான் கொண்டுண்டு வந்தேன். குடி. எல்லாம் போயிடுத்தா?"

"ஓடு போச்சு மாமி. கதவு போச்சு."

"அதைக் கேக்கலை..." என்று மாமி கொடிக்கயிற்றைப் பார்த்தாள். அது வெறுங்கயிறாக ஆடிக்கொண்டிருந்தது. "போகட்டும், போ. உசிர் இருக்கே. எங்காத்துல வந்து படுத்துக்கோயேன். ஏன் அந்த டிரம்ல போய் உக்காந்துண்டிருக்கே?"

"இங்கேயே இருக்கேன் மாமி."

மாமியுடைய மாம்பழக் கலர் பட்டு எனக்குக் கீழே, டிரம்முக்குள், நீல நூலோடு இருந்தது. 'என் புடவை என்ன ஆச்சு' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திறந்து காட்டியிருப்பேன். அவள் கேட்கவில்லை. இழவு விழுந்த வீட்டில் கொடுத்த சாமானைக் கேட்கக் கூடாது என்று ஒரு மரியாதை இருக்கிறதே, அதைப் புயலுக்கும் வைத்துவிட்டார்கள். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. இவள் காப்பி கொடுக்க வரவில்லை, வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று தோன்றிற்று. நம்பிக் கொடுத்தவள் வாயைத் திறந்து கேட்கட்டும். கேட்காதவளிடம் நான் ஏன் ஓடிப்போய், ஐயா நான் திருடவில்லை என்பதுபோலக் காட்ட வேண்டும்? அதோடு, கதவில்லாத வீட்டில் பட்டு இருக்கிறது என்று தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஒருத்தி ரொட்டி கொண்டுவந்தாள். ஒருத்தி பழைய போர்வை கொண்டுவந்தாள். நாலு பேர் புடவையும் டிரம்மில் இருந்தது. நாலு பேரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பூக்காரி வந்தாள். சந்து முனையில் பூ கட்டி விற்கிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் பெரிசு. அவள் குடிசையும் பறந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தாள். லாரியில் வந்து கொடுத்த சாம்பார் சாதப் பொட்டலம் இரண்டு கையில் வைத்திருந்தாள்.

"இன்னா ஆயா, சிம்மாசனத்துல குந்திக்கினு கீற?"

"ஆயான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவ சொல்றது?"

"சரி மகாராணி. இந்தா, துன்னு." பொட்டலத்தை மடியில் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. தெருவுல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? டிரம்மு நெறைய அரிசிய வச்சிக்கினு, அது மேல குந்திக்கினு, ஊராண்ட பொட்டலம் வாங்கித் துன்றியாம்."

"யார் சொன்னா?"

"எல்லாந்தான். ஒரு ஆளா சொல்றதுக்கு?"

பொட்டலத்தைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தேன்.

"அய்ய! நானா சொன்னேன்? ஏன், அரிசி இல்லயா உள்ள?"

அவள் கண்ணும் டிரம் மேல்தான் இருந்தது. அன்று முழுக்க மாமியின் காப்பியோடு சரி. அதையும் வேண்டாம் என்றிருப்பேன், உடம்பு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஆட்டோவில் கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து இறங்கினாள். பாத்திரக்கடைக்காரர் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. சேற்றில் செருப்பு புதையப் புதைய நடந்து வந்தாள். ஒரு பையில் பிஸ்கட், புதுப் போர்வை, கூடவே ஒரு எவர்சில்வர் தூக்கு.

"ஆச்சி, எப்படி இருக்கீய? வீடு கெடக்க கெடயப் பாத்தா வயிறு எரியுது. கைகாலுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்லம்மா. கல்யாண வேலையெல்லாம் நடக்குதா?"

"நடக்குது, நடக்குது. நீங்க ஒண்ணையும் மனசுல வச்சுக்கிடாதீய. பொருள் போனா வாங்கிக்கிடலாம், ஆளு போனா வருமா?"

'கேள், கேள்' என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவள் பலகையைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், தென்னைமட்டையைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து அமுக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர். எனக்கு அந்தக் கண்ணீர்மேல்தான் சந்தேகம் வந்தது. இவ்வளவு பெரிய பட்டைக் கொடுத்துவிட்டு ஒருத்தி கேட்காமல் போவாளா? புயலைச் சாக்காக வைத்து நான் அமுக்கிவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டாள், வாயால் சொல்லாமல் போர்வை கொடுத்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆட்டோ திரும்பிப் போகும்வரைக்கும் நான் டிரம்மைவிட்டு இறங்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் என் வீம்பை நினைத்து எனக்கே கோபம் வருகிறது. அன்றைக்கு அது வீம்பு என்று தெரியவில்லை, நியாயம் என்றுதான் இருந்தது.

நான்காம் நாள் காலையில் பூக்காரி விஷயத்தைக் கொண்டுவந்தாள்.

"நேத்து ஆட்டோவுல வந்துச்சே ஒரு அம்மா, போறப்ப முனையில நின்னு மாமியாண்ட பேசிக்கினு இருந்துச்சு. பொடவை எல்லாம் போச்சான்னு கேட்டுச்சு. எல்லாம் போயிடுத்து, பாவம், அவகிட்ட கேக்காதீங்கோ, மனசு ஒடஞ்சிடுவான்னு மாமி சொல்லிச்சு. அந்தம்மா இன்னிக்கு வேற பொடவை எடுக்கப் போவுதாம்."

ஒருத்தர்மேல் ஒருத்தர் இரக்கப்பட்டே நல்ல புடவையைப் புயலுக்குக் கொடுத்துவிட்டார்கள்! இனி அந்தப் புடவை டிரம்முக்குள்ளே பத்திரமாக இருந்து என்ன? 'அந்தக் கிழவியிடம் கொடுத்தோம், போச்சு' என்று தி. நகர் முழுக்கப் பேசுவார்கள். முப்பது வருஷத்துப் பெயர் அது. கல்யாணத்துக்கு அப்புறம் கொண்டுபோய்க் கொடுத்தால், வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்தாள் என்பார்கள்.

கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று நினைத்தவள், அன்று கேட்காமலேயே எடுத்தேன். பூக்காரியை வாசலுக்கு அனுப்பிவிட்டு, அரக்குப் பட்டை மட்டும் உருவிக்கொண்டு மறுபடி நூலை முடிந்தேன். ஓடு போன இடத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் டிரம்மேல் உட்கார்ந்து மிச்சப் பாதியைத் தைத்து முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அவசரத்தில் தைத்தது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது, பந்தயம் கட்டுகிறேன்.

மீதிப் பத்தை யார் காப்பது? மாமியிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. வேறு வழியில்லாமல் பூக்காரியைக் கூப்பிட்டேன்.

"நான் வர்ற வரைக்கும் இது மேல உக்காந்திரு. எழுந்திருக்கக் கூடாது."

"உன் அரிசிக்கு நான் காவலா? நல்லா கீதே ஞாயம்!" என்று சிரித்தாள். ஆனாலும் பூக்கூடையோடு ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நூல் இருந்தது.

லஸ் முனையில் பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. விழுந்த மரங்களை வெட்டி ஓரமாகக் குவித்திருந்தார்கள். பனகல் பார்க் போய்ச் சேரும்வரை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றேன். அந்த வீட்டில் கட்டிலின் மேல் புதுப்புடவைப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. ரோஸ் கலர். நான் என் பையைப் பக்கத்தில் வைத்தேன்.

பெண்ணின் அம்மா பையைத் திறந்தாள். "ஆச்சி!" என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். ஜரிகையை விரலால் தேய்த்தாள். உட்பக்கம் திருப்பினாள். ஒரு மடிப்பையும் விடவில்லை. முந்தானையில் சிவப்பு நூல், மூன்று முடிச்சு இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள். அந்த நான்கு நாளில் எனக்கு யாராவது நேர்மையாக ஒன்று செய்தார்கள் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். உடம்பு லேசாகிவிட்டது.

பெண் வந்து முகர்ந்து பார்த்தாள். "யம்மா, அரிசி மணம்லா அடிக்கி."

"டிரம்முல வச்சிருந்தேன் தாயி."

"அப்ப அரிசி?" என்று அம்மா கேட்டாள்.

நான் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "இவ இதத்தான் கட்டுவா ஆச்சி. நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள். என் மனசைத் தேற்றச் சொல்கிறாளோ என்று அப்போதும் ஓரத்தில் ஒரு சந்தேகம். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அடுத்த வருஷம் அந்தப் புடவை ஃபால்ஸ் மாற்ற வந்தது. முந்தானை ஓரத்தில் முகூர்த்தத்து மஞ்சள் கறை. அப்போதுதான் நம்பினேன்.

அன்று திரும்பி வந்தபோது சாயங்காலம். பூக்காரி டிரம் மேல் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"போயி வந்தியா? முதுகு ஒடிஞ்சி போச்சு" என்று இறங்கிக் கூடையை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

குனிந்து நூலைப் பார்த்தேன். நூல் இருந்தது. முடிச்சு என்னுடையது இல்லை. நான் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே இழுப்பேன். இது பூவின் காம்பை வளைத்துப் போடுகிற முடிச்சு, சின்னதாக, அழகாக இருந்தது. அவசரமாகத் திறந்து எண்ணினேன். நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை... பத்தும் இருந்தது. வேட்டி நான் சுற்றியதைவிட இறுக்கமாகச் சுற்றியிருந்தது. மறுபடி மூடி, அவள் போட்ட இடத்திலேயே அவள் முடிச்சைப் போல ஒன்று போட்டுப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. என் முடிச்சையே போட்டுவிட்டு மறுபடி மேலே ஏறி உட்கார்ந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமி வந்தாள். கையில் பிளாஸ்க் இல்லை. ஒரு கிண்ணத்தில் அரிசி இருந்தது. வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மா, என் மாம்பழக் கலர் பட்டு தைச்சாச்சா?"

யார் போய்ச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. டிரம்மைவிட்டு இறங்கிக் கிண்ணத்தை வாங்கி வைத்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மூடியைத் திறந்தேன்.

"நீலம், ஒரு முடிச்சு" என்றேன். "பிரிச்சுப் பாத்துக்கோங்க மாமி. நல்லா பிரிச்சுப் பாருங்க."