வீரபாகு பிடித்த மைனர் செவன்த்

ஒட்டுசுட்டான் குளக்கட்டுப் பிள்ளையார் அறிய, வீரபாகு ஒருவருக்கும் தீங்கு நினையாத மனிதன். அரிசி மில்லில் மூட்டை தூக்குவான். வெள்ளிக்கிழமைகளில் கோயில் பஜனையில் கிற்றார் வாசிப்பான். அப்படிப்பட்டவனுக்குள் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணித் திருவிழாவில் நெருப்பு விழுந்தது.

அன்று ஆர்மோனியம் வாசித்த ராஜரத்தினம் மாஸ்டர் பாட்டின் நடுவே கையை உயர்த்தி எல்லாவற்றையும் நிறுத்தினார். யாழ்ப்பாணத்தில் பெரிய இசைக்குழுவில் இருந்தவர் என்று அவருக்குப் பேர். மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“வீரபாகு, அந்த இடத்திலை வாறது மைனர் செவன்த். நீ பிடிக்கிறது வெறும் மைனர். கொழுந்து கிள்ளுற கைக்கு உதெல்லாம் வராது, விடு.”

இரண்டும் சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற கோர்ட்டுகளின் பேர் என்று தெரியாத சனமும் சிரித்தது. முன்வரிசையில் வீரபாகுவின் தாய் பேச்சியம்மா இருந்தார். மலையில் முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளி அவனை வளர்த்தவர். அவர் தன் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் ஒளித்ததை மேடையிலிருந்து அவன் கண்டான்.

“விட்டுடுய்யா, என்னவோ சொல்லிட்டாரு” என்றார் வீட்டில்.

“விடமாட்டன் அம்மா.”

சாமி விளக்கின் முன் நின்று நேர்ந்துகொண்டான். ‘பிள்ளையாரே, அடுத்த திருவிழாவுக்குள்ளை எனக்கு அதைக் காட்டு. அதே மேடையிலை, அதே சனத்துக்கு முன்னாலை அந்த மனுசன் தலை குனியவேணும்.’ கடவுளிடம் கேட்கக்கூடாத வரம்தான். கேட்டுவிட்டான்.

அந்தப் பாட்டு சனிக்கிழமைப் பின்னேரங்களில் ரேடியோவில் போகும். யுத்தத் தடையால் பற்றரிதான் ஊருக்குள் வருவதில்லையே. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவிவிட்டு, மனைவி மீனம்மா பெடலைக் கையால் சுற்றுவாள். அவள் கை ஓய்ந்தால் பாடுகிறவரின் குரலும் மங்கிச் செத்துப்போகும்.

“கெதியாப் பிடியுங்கோ உங்கட செவன்த்தை! என்ர தோள்மூட்டு கழருது.”

“இன்னும் கொஞ்சம் சுத்து. வருது, வருது.”

“போன சனியும் இதைத்தான் சொன்னனீங்கள்.”

வரவில்லை. பேர் இத்தனை பெரிதென்றால் விரலும் கூட வேண்டும் என்றே அவன் நம்பினான். மூன்று விரலால் மைனரைப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரலை வைக்காத இடமில்லை. மூன்றாவது தந்தி சைக்கிள் பிறேக் வயரில் பிரித்தெடுத்த இழை. அது விரலை அறுத்தது. வலித்த போதெல்லாம் மாஸ்டரின் முகத்தை நினைத்து இன்னும் அழுத்தினான்.

பங்குனியில் ஒருநாள் சாக்குத் தைக்கிற ஊசி அவனுடைய இடது கை மோதிர விரலில் ஏறியது. அந்தச் சனிக்கிழமை சீலை சுற்றிய விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு விரலால் மட்டும் மைனரைப் பிடித்தான். அழுத்தாமல் விட்ட மூன்றாவது தந்தி தன்பாட்டில் அதிர்ந்தது. ரேடியோவில் கேட்ட அதே ஒலி.

மீனம்மா பெடலை விட்டாள். “இதுதானே!”

தந்தி தந்தியாகத் தட்டிப் பார்த்தான். மைனரில் மூன்று சுரம், இதில் நாலு. மாஸ்டரின் விரல்கள் அந்த இடத்தில் ஆர்மோனியத்தின் எத்தனை கட்டையில் நிற்கும்? அடுத்த வெள்ளிக்கிழமை பஜனையில் கண்ணெடுக்காமல் கவனித்தான். மூன்றுதான். பேரைத் தவிர மாஸ்டருக்கும் ஒன்றும் தெரியாது! வீரபாகு அதை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வெளியே வந்து கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டான். மனம் அவ்வளவு இனித்தது.

ஆவணி வந்தது. அன்னதானத்துக்கு முன் பஜனை. பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் வீரபாகு செவன்த்தை அடித்து, அப்படியே நிறுத்தினான். மைக்கை இழுத்தான்.

“மாஸ்டர், போன வருசம் நீங்கள் சொன்னது இதுதானே? ஆர்மோனியத்திலையும் ஒருக்கால் பிடியுங்கோ, சனம் கேக்கட்டும்.”

மாஸ்டர் மூன்று கட்டைகளை அழுத்தினார்.

“அது வெறும் மைனர். நாலாவது எங்கை?”

மாஸ்டரின் விரல் ஒரு கட்டைக்குப் போனது. பெட்டி கத்தியது. இன்னொன்றுக்குப் போனது. அதுவும் கத்தியது.

“மாஸ்டருக்குக் கட்டை காணாதாம்!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு கூரையில் இடித்தது.

“ஆறுதலாத் தேடுங்கோ மாஸ்டர். சோறு இன்னும் வடிக்கேல்லை” என்றான் வீரபாகு. ஒரு விரலை நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. வேர்வை அவரின் சந்தனப் பொட்டைக் கரைத்து மூக்கு வரை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் நெல்மூட்டையோடு மில்லுக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, அந்த நாலாவது எது?”

வீரபாகு மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

“எனக்கு ஏழு மாதம் எடுத்தது மாஸ்டர். நீங்களும் தேடுங்கோ.”