கத்திரி பிடிச்சா மட்டும் கோணுற கை

என் வீட்டுக்காரர் சலூன் வெச்சிருக்கார். ரெண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. கத்திரி பிடிச்சா ஆள் ராஜா. அந்தக் கைக்குத்தான் யார் கண்ணு பட்டுச்சோ தெரியல. கத்திரியை எடுத்தா கட்டைவிரல் உள்ளே மடங்கும், மத்த விரலெல்லாம் கோணிக்கிட்டு இழுக்கும். கீழே வெச்சா ஒண்ணுமில்ல. சாப்பிடுவார், பூட்டு திறப்பார், என் கையிலேர்ந்து டிவி ரிமோட்டைப் பிடுங்குவார். வேலைன்னா மட்டும் வர்ற வியாதி! நம்பறதா வேண்டாமான்னே தெரியல.

ஒருநாள் ஒருத்தர் காதோரம் கத்திரி கீறிடுச்சு. சின்னக் கீறல்தான். அந்தாளு கழுத்துல கட்டின துணியோடயே ஓடிட்டார். சேதி தெரு முழுக்கப் பரவி, ரெண்டு நாற்காலியும் காத்து வாங்க ஆரம்பிச்சுது. இவர் கடையை வித்துடலாம்னார். இந்த மனுஷனுக்கு வேற என்ன தெரியும்? வீட்டுல உக்கார வெச்சா என் சமையலைக் குறை சொல்லியே என்னை ஒருவழி பண்ணிடுவார்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். நரம்பு டாக்டரம்மா கையைப் புரட்டிப் பாத்துட்டு, "கையில கோளாறு இல்ல. மூளையில கையை ஓட்டுற இடம் ரொம்பத் துள்ளுது. வெட்டாம குத்தாம, வெளியிலேர்ந்தே காந்தம் வெச்சு அடக்கிப் பாக்கலாம்"னாங்க.

"சரியாயிடுமா?"ன்னு கேட்டேன்.

"சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. உறுதி சொல்ல முடியாது."

மழுப்பாம பேசின அந்தம்மாவை எனக்குப் பிடிச்சுப்போச்சு.

மெஷின் போடுற பொண்ணு, எட்டு மாதிரி வளைஞ்ச தட்டு ஒண்ணை இவர் தலையில வெச்சா. டக்குன்னு ஒரு சத்தம், இவர் கட்டைவிரல் தானா துள்ளுச்சு. "நான் ஆட்டலம்மா"ன்னு மனுஷன் பயந்துட்டார். எங்க வெச்சா விரல் நல்லாத் துள்ளுதோ அதுதான் சரியான இடமாம். தேடிப் பிடிச்சு, மண்டையில பேனாவால ஒரு குறி போட்டா. இவர் சும்மா உக்காந்தாரா? "தாடையைத் தொட்டுத் திருப்பும்மா. இப்படிக் கழுத்தைத் திருகினா கஸ்டமர் மறுபடி வருவானா?"ன்னு பாடம் நடத்தறார். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு மெஷினை ஓட விட்டா.

மறுநாள் போனா குறியைக் காணோம். எங்க வீட்டு துரை விடியறதுக்கு முன்னாலயே எழுந்து தலைக்கு டை அடிச்சுக்கிட்டார். முடியோட மண்டைத்தோலும் கன்னங்கரேல்னு மின்னுது.

"சலூன்காரன் நரைச்ச தலையோட ஆஸ்பத்திரிக்கு வருவானா? என் தொழில் என்ன ஆகறது?"ன்னார்.

அந்தப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டா, அவ தலையிலதான். மறுபடி மொதல்லேர்ந்து விரல் துள்ளுற இடத்தைத் தேடினா. அதுக்கப்புறம் துணித் தொப்பி மாட்டி, அதுமேலதான் குறி.

வாரங்கள் போகப் போக, கத்திரி கையில நிக்க ஆரம்பிச்சுது. வீட்டுல நடந்துக்கிட்டே காத்தை வெட்டுவார். ஆனா தலை குடுக்க ஒருத்தரும் வரல. என் தம்பியைக் கெஞ்சினேன். "அக்கா, மாமா மேல மரியாதை இருக்கு. காது மேல ஆசையும் இருக்கு"ன்னு நழுவிட்டான்.

ஒரு சாயங்காலம் கடைக்குப் போனேன். இவர் கத்திரியைத் துடைச்சு டப்பாவுல வெச்சு மூடிக்கிட்டிருந்தார். "கடையை வாங்கற ஆளை நாளைக்கு வரச் சொல்லிட்டேன்"னார். எனக்கு எங்கேர்ந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ, நேரா நாற்காலியில உக்காந்து கொண்டையை அவிழ்த்து விட்டேன். இடுப்பு வரைக்கும் முடி. கல்யாணமானதுலேர்ந்து நுனியைக்கூட இவரைத் தொட விட்டதில்ல.

"விளையாடாதே."

"துணியைக் கட்டுங்க."

கட்டினார். கஸ்டமர்கிட்ட கேக்கற அதே குரல்ல, "எவ்வளவு எடுக்கணும்?"ன்னு கேட்டார்.

"கை கோணுற வரைக்கும் எடுங்க."

சொல்லிட்டேனே தவிர, பாக்க தைரியம் வரல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு அது நின்னுச்சு. கண்ணைத் திறந்தா, முடி கழுத்துக்கு மேல ஏறியிருக்கு.

கண்ணாடியில அவர் கத்திரியைப் பிடிச்சபடியே நிக்கறார். கண்ணெல்லாம் தண்ணி.

"கோணவே மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"ன்னார்.