டிப்போ டாக்டரின் பென்ஷன் வழக்கு

என் அக்கா புருஷனுக்கு டிப்போவில் ‘டாக்டர்’ என்று பெயர். ஊசி போடத் தெரியாது, பஸ் ஓட்டத்தான் தெரியும். ஆனால் வருஷா வருஷம் டிரைவர்களுக்கு உடல் தகுதிச் சோதனை வரும்போது மொத்த டிப்போவும் அவரிடம்தான் ஓடும். இடுப்புப் பிடித்தவன், முட்டி தேய்ந்தவன், யாராக இருந்தாலும் அவரிடம் வழி உண்டு. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்வார்களா? முன்கூட்டியே பாதங்களைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வணக்கம் போடுகிற சாக்கில் முன்னால் குனிந்தால் உடம்பு தானாக மேலே வந்துவிடும். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் சுவரில் ஒரு ஆணியைத் தேடிப் பிடித்து அதையே பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ‘வலிக்குதா’ என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். யோசித்தால் போச்சு.

தப்புதான். நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கினால் வீட்டில் அடுப்பு எரியாது என்று பயந்த மனிதர்கள் கண்டுபிடித்த வித்தை அது. முட்டி போனவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றைக் கொடுக்கத் துப்பில்லாத நிர்வாகத்தை விட்டுவிட்டு இவர்களை மட்டும் திட்ட எனக்கு மனசு வராது.

அப்படிப்பட்ட மச்சான் ஒருநாள் தானாகவே மேலாளர் அறைக்குப் போய், “இனிமே நான் வண்டி எடுக்க மாட்டேன். என் காலைச் சோதிச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டார். முதுகெலும்பில் நரம்பு நசுங்கி, வலது காலில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. டிப்போவின் நிஜ டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்து, வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எழுதினார். இத்தனை காலம் மறைத்தவர் அன்றைக்கு மட்டும் ஏன் போய்ச் சொன்னார் என்று அக்கா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். சரியான கல்லுளிமங்கன்.

இயலாமைக்கு ஓய்வூதியம் உண்டு; பென்ஷன் அலுவலகத்தின் மருத்துவக் குழு ஒருமுறை பார்த்தால் முடிந்தது என்றார்கள். நான்தான் துணைக்குப் போனேன். அன்று காலை மழமழவென்று சவரம் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, பெண் பார்க்கப் போகிற மாதிரி கிளம்பினார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். “எழுந்திரிங்க” என்றார் ஒருவர். மனிதர் வணக்கம் போட்டபடி ஜம்மென்று எழுந்து நின்றார்.

“வலிக்குதா?”

“இல்ல சார்.”

“கால் மரத்துப்போகுதா?”

“அதெல்லாம் ஒன்னும் இல்ல சார்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வெளியே வந்து, வலது தொடையை இரண்டு கைகளாலும் தூக்கி வைத்து ஒவ்வொரு படியாக இறங்கும்போது, “உள்ள நான் என்ன மாப்ளே சொன்னேன்?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

பென்ஷன் அலுவலகம் ‘தகுதியானவர்’ என்றது. டிப்போ ‘தகுதியில்லாதவர்’ என்றது. இருந்தது ஒரே உடம்புதான். சம்பளமும் நின்றது, பென்ஷனும் இல்லை. அக்கா ஒரு துணிக் கம்பெனியில் பட்டன் தைக்கப் போனாள். தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு போட்டோம். இதிலும் தோற்றால் வேறு வழியில்லை.

“வீட்ல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க, போதும்” என்றார் எங்கள் வக்கீலம்மா.

“வீட்லயும் இப்படித்தாம்மா இருக்காரு” என்றாள் அக்கா.

பயிற்சி கொடுத்துப் பார்த்தோம். என் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா டாக்டராக உட்கார்ந்தாள். “வலிக்குதா?” “இல்ல.” “யோவ்!” அக்கா அவரை யோவ் என்று கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அக்கா மட்டும் அழுதாள்.

விசாரணையில் அலுவலகத் தரப்பு வக்கீல் நேராக விஷயத்துக்கு வந்தார். “மருத்துவக் குழுகிட்ட வலியே இல்லன்னு சொன்னீங்க. இப்ப இருக்குங்கறீங்க. எது பொய்?”

“அன்னிக்குச் சொன்னது சார்.”

“வருஷா வருஷம் டிப்போவுல சொன்னது?”

வக்கீலம்மா ஆட்சேபிக்க எழுந்தார். அதற்குள் மச்சான், “அதுவும் பொய்தான் சார்” என்றார்.

“அப்ப இன்னிக்குச் சொல்றத மட்டும் எப்படி நம்பறது?”

வழக்கு அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மச்சான் நீதிபதி பக்கம் திரும்பினார்.

“கடைசியா வண்டி எடுத்த அன்னிக்கு, பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி பிரேக் போட்டேங்கய்யா. போட்டேனா இல்லையான்னே தெரியல. காலுக்கு ஒன்னுமே தெரியல. கீழ குனிஞ்சு பாத்துதான் கால் பிரேக் மேல இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அந்த நேரம் நான் ரோட்டப் பாக்கல. நிமிந்தா, புள்ளைங்க குறுக்க போயிட்டிருக்காங்க. வண்டி நின்னது என் சாமர்த்தியம் இல்லைங்கய்யா.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “பென்ஷன் குடுக்கறது உங்க இஷ்டம். ஆனா தகுதியானவன்னு மட்டும் எழுதிடாதீங்க. எழுதினா நான் திரும்பப் போயி ஓட்டிடுவேன். வீட்டு நிலைமை அப்படி.”

அலுவலக வக்கீல் கோப்பை மூடிவிட்டு உட்கார்ந்தார். மதியத்துக்கு மேல் உத்தரவு வாசிக்கப்பட்டது. ஓய்வூதியம் உண்டு, விண்ணப்பித்த நாளிலிருந்தே உண்டு.

நான் சந்தோஷத்தில் வக்கீலம்மா கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. படிக்கட்டு வரை வந்தவள் அங்கே நின்றுவிட்டாள்.

“பள்ளிக்கூடத்துக்கிட்ட வண்டி ரிப்பேர்னு சொல்லி எல்லாரையும் இறக்கி விட்டீங்களே, அந்த நாளா?”

“ஆமா.”

“நானும் அந்த வண்டியிலதானே இருந்தேன்? வெயில்ல நடக்க வெச்சிட்டீங்கன்னு திட்டிட்டே போனேனே?”

மச்சான் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அது மொத தடவை இல்ல. முன்னாடியும் கால் தெரியாமப் போயிருக்கு. ஓட்டிட்டுத்தான் இருந்தேன். அன்னிக்கு நிமிந்தப்ப, மேல கண்ணாடியில நீ உக்காந்திருக்கறது தெரிஞ்சுது. அதுக்கு மேல என்னால முடியல.”

“அதுக்கு முன்னாடி ஏறினவங்கல்லாம்?”

மச்சான் கர்ச்சீப்பை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அதைவிடப் பெரிதாக அழுகையும் வந்தது. கர்ச்சீப்பை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அக்கா அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு ஒரு படி கீழே, அவர் விழுந்தால் தாங்குகிற மாதிரி இறங்கி நின்றுகொண்டாள்.