அத்தை அழித்த எழுத்துகள்

வீட்டில் மருமகளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ரேடியோ. காலையில் கண் விழித்து ஆரம்பித்தால் தூங்கப் போகும்வரை வாய் ஓயாது. பிழைப்போ அதற்கு நேர் எதிர். வாயில்லாத சின்னச் சின்ன சிப்புகளுக்கு அசெம்பிளி என்ற கணினி மொழியில் புத்தி சொல்கிற வேலை. கடைகளில் எழுத்து மின்னும் பலகை தொங்குகிறதே, அதற்குள் உட்கார்ந்திருப்பது அப்படியொரு சிப்புதான். அதற்குச் சுயபுத்தி மருந்துக்கும் கிடையாது. தட்டுகிற எழுத்தை எடு, இந்த இடத்தில் வை, அடுத்த இடத்துக்கு நகரு, எண்டர் தட்டினால் முதலிலிருந்து காட்டு, எழுதாத இடம் வந்ததும் நில், காட்டி முடித்தால் மொத்தமும் துடை என்று ஒவ்வொன்றாகப் பிட்டுப் பிட்டு வைக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் போச்சு, மானத்தை வாங்கிவிடும்.

இந்த நுணுக்கமான வேலையை அவள் செய்த இடம் சமையலறை மூலை. ஒரு பக்கம் குக்கர் விசில், மறுபக்கம் காய் நறுக்கும் மாமியார். மாடியில் ஓர் அறை சும்மா பூட்டிக் கிடந்தது, சாவி மாமியாரின் இடுப்பில். எப்போது கேட்டாலும் ஒரே பதில், “பார்க்கலாம்.” அந்த அறைமேல் கொழுந்தனுக்கும் ஒரு கண். அவன் கால்நடை டாக்டர். வீட்டின் முன்பக்கத்தில் கிளினிக் திறக்கப் போகிறான், மாடியில் பூனைகளைத் தங்க வைக்க வேண்டுமாம். போயும் போயும் பூனையோடு போட்டி போடும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு வயிற்றெரிச்சல்.

கடைசியில் மாமியாரே ஒரு வழி சொன்னாள். “கிளினிக்குக்கு நீதானே பலகை செய்யுறே? முதல் நாள் பிசகாம ஓடட்டும், ரூம் உனக்கு. சொதப்பினா பூனைக்கு.”

ரேடியோ உயிரைக் கொடுத்துச் செய்தாள். நூறு பெயர்களை அடித்துப் பார்த்தாள், ஒன்றும் பிசகவில்லை. தப்பில்லாமல் அடிப்பதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. அதனால் அழிக்கும் விசையை அவள் விரல் தொடவே இல்லை.

திறப்பு நாளில், கீபோர்டும் சின்னத் திரையும் வைத்த வரவேற்பு மேசையில் மாமியார் உட்கார்ந்தாள். வருகிற பிராணியின் பேரை அடித்து எண்டர் தட்ட வேண்டும், பலகையில் பேர் வந்ததும் உள்ளே போகலாம். “அம்மா, வர்றவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. உன் வாய் எனக்குத் தெரியும்” என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தான். மாமியாரும் வாயே திறக்கவில்லை. விரல்கள்தான் கீபோர்டில் சரமாரியாக ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் வந்தவர் டை கட்டிய வங்கி மேனேஜர், கையில் புலி என்ற நாய். பலகை மின்னியது: புலி நாயை விட முதலாளிதான் கடிப்பார் போல.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்து ஒரு பூனை: மணி பூனையா பூசணிக்காயா. பிறகு கிளிக் கூண்டோடு வந்த வக்கீல்: ராஜா பேசறதுக்கு கிளியே தேவலை.

“அண்ணீ! உங்க பலகைக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு!” என்று டாக்டர் அலறினான்.

ரேடியோ ஓடி வந்தாள். பலகையைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த நொடியே விளங்கிவிட்டது. அத்தை மனசில் பட்டதை அடித்து, ஆசை தீரப் படித்து, அழித்துவிட்டு அப்புறம் பேரை அடித்திருக்கிறாள். அடப்பாவி சிப்பே! அழி என்றால் ஓர் இடம் பின்னால் வா என்று மட்டும்தானே அவள் சொல்லி வைத்திருந்தாள்? அங்கே இருந்த எழுத்தைத் துடைக்கச் சொல்லவில்லையே! மேசைத் திரையில் மறைந்ததெல்லாம் உள்ளே குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்திருக்கிறது. புலி என்று சின்னப் பேரை முன்னால் போட்டால், பழைய வரியின் வாலும் சேர்ந்து ஓடாமல் என்ன செய்யும்?

“யார் எழுதினது இதை?” மேனேஜர் முகம் சிவந்து நின்றார்.

அத்தையைக் காட்டிக்கொடுக்க ஒரு விரல் போதும். அறையும் கிடைத்துவிடும். ஆனால் மின்விசிறியைப் பார்த்திருந்த அந்தக் கண்கள் கலங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் ரேடியோவுக்கு மனசு கேட்கவில்லை.

“நான்தான் சார். சோதிச்சுப் பார்க்க விளையாட்டா எழுதி வச்ச வரிங்க, தப்பா வெளியே வந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க.”

டாக்டர் பல்லைக் கடித்தான். பூனைக்கு யோகம் அடித்தது என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கிளினிக் காலியானதும் பலகையைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள். மாமியார் இன்னும் மேசையை விட்டு எழவில்லை.

“இரு, கழட்டாதே” என்று சொல்லிவிட்டு நிதானமாக அடிக்கத் தொடங்கினாள். நீளமாக ஏதோ அடித்தாள். பிறகு அழிக்கும் விசை டக் டக்கென்று வெகுநேரம் கேட்டது. திரும்பக் கொஞ்சம் அடித்து எண்டர் தட்டினாள்.

பலகை மின்னியது: மேல ரூம் உனக்கு எனக்குப் பேச்சுத் துணை யாரு.

ரேடியோ அதை இரண்டு முறை படித்தாள். இத்தனை நாள் சாவி இடுப்பை விட்டு இறங்காததற்குக் காரணம் இதுவா? இந்தக் கிழவி தன்னைக் கரித்துக் கொட்டுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள்! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“அட, அழிச்சுட்டேனே! எப்படி வந்துச்சு?” என்று மாமியார் பச்சைக் குழந்தை மாதிரி விழித்தாள்.

“உங்களுக்கா தெரியாது?”

மாமியார் இடுப்பிலிருந்து சாவியை உருவி மேசைமேல் வைத்தாள்.

“அத்தை, மாடிக்கு ரெண்டு நாற்காலி வேணும்.”

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. காயை அங்கேயே வந்து நறுக்குங்க.”

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு முட்டி வலி. மெத்தை வச்ச நாற்காலியாப் பார்த்து வாங்கு.”