சம்பேத்தா வீட்டுப் புனிதர்

கப்பலைவிட்டு இறங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், இந்தக் கிரேக்கத் தீவில் பார்க்க என்ன இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்பார்கள். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். என் தோளில் கல் சுமந்து கட்டிய விடுதிதான் இன்று துறைமுகத்தில் பெரியது. வேறு யாரிடம் கேட்பார்கள்? கிழக்கே குளிக்க நல்ல கடற்கரை, மேட்டில் இடிந்த காற்றாலை, ஜூலைக் கடைசியில் புனித பந்தலேயிமோன் திருவிழா என்பேன். அந்தத் திருவிழா இன்னும் நடக்கிறதென்றால் அது சம்பேத்தாவால்தான்.

நோய் தீர்க்கும் அந்தப் புனிதரின் படம் ஒரு வருஷம் ஒரு வீட்டில் இருக்கும். முன்னால் விளக்கு அணையக் கூடாது, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகக் கூடாது. திருவிழாவன்று தீவுக்கே ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் ஆக்கிப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். ஒரு காலத்தில் அதற்குப் போட்டி நடந்தது. சம்பேத்தாவின் புருஷன் படத்தை வாங்கி வந்த வருஷமே கடலில் மூழ்கிப் போனான். அதற்குள் இளசுகளெல்லாம் ஏதென்ஸ், மெல்போர்ன் என்று கிளம்பிவிட்டதால் படத்தை வாங்க ஆளில்லை. என் விடுதியில் துணி துவைத்துப் பிழைத்தவளிடமே புனிதர் தங்கிவிட்டார்.

போன கோடையில் ஏதென்ஸ் துறைமுகமான பிரேயஸில் அவள் தங்கை அனெசோ படுத்த படுக்கையானாள். பக்கத்தில் இருந்து நாலு வாய் ஊட்ட வேண்டும் என்பதுதான் சம்பேத்தாவின் ஒரே ஆசை. திருவிழாவன்று அடுப்படியில் என்னிடம் கேட்டாள்.

“யாக்கூமி, நீ வாங்கிக்கயேன்.”

“என் வீட்லதான் புனித நிக்கோலா இருக்காரே. ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு பேரு ஆகாதுன்னு தெரியாதா உனக்கு?”

“தெரியும். கேட்டுப் பாத்தேன்.”

சாப்பாடு முடிந்ததும் யார் வாங்குகிறீர்கள் என்று பாதிரியார் கேட்டார். ரொட்டிக்கடை ஸ்தாமதிஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் குளிர்காலத்தில் ஏதென்ஸுக்குப் போகிறவர்கள். ஏலம் என்று நினைத்து ஒரு ஜெர்மன்காரர் கையைத் தூக்கினார். கூட்டமே சிரித்தது, சம்பேத்தாவைத் தவிர. என் சொல்லுக்குத் தீவில் எடை உண்டு. யார் வாங்கினாலும் வருகிற வருஷம் ஆடு என் பொறுப்பு என்றேன். ஒருவரும் அசையவில்லை.

படத்தைக் கோயிலில் வைத்துவிட்டுப் போ, கடவுள் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று பாதிரியாரே சொல்லிப் பார்த்தார்.

“எம் புருஷன் போன அன்னிக்கு விளக்குல எண்ணெய் தீந்துருந்துச்சு சாமி. நான் கவனிக்கல. இப்ப என் தங்கச்சியும் கெடக்கா. மறுபடி அணைய விடச் சொல்றீங்களா?”

அவள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அனெசோ போய்விட்டாள் என்று அக்டோபரில் என் விடுதிக்குத்தான் தொலைபேசி வந்தது. நானே போய்ச் சொன்னேன்.

“அவ கண்ண மூடிவிட்டது யாரு?”

“ஆஸ்பத்திரி நர்ஸாம்.”

அவள் உள்ளே போய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

இந்த வருஷமும் ஆக்கிப் போட்டாள். பாதிரியார் கேட்க வாயெடுப்பதற்குள் படத்தைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.