வால் கணக்கில் சேராது

இன்னொரு வால். இடுக்கியால் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். அடுத்ததும் வால். அதற்கடுத்தது நடுத்துண்டு, இரண்டு பக்கமும் பிய்ந்தது. நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். தலை ஒன்றுகூட இல்லை.

கடலுக்கடியில் நாலு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கப்பல் அள்ளி வந்த சேறு அது. அங்கே தரையில், உருளைக்கிழங்கு கொட்டினாற்போல உலோகக் கட்டிகள் கிடக்கின்றன. அவற்றை வாரியெடுக்க ஒரு கம்பெனி இயந்திரம் செய்துவைத்திருக்கிறது. வாருவதற்கு முன்னால் அந்தச் சேற்றில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது இந்த ஆய்வுக்கூடத்தின் வேலை. சல்லடையில் அலசிய சேற்றில் தங்கும் புழுக்களைப் பொறுக்கி எண்ணுவது அவள் வேலை. நூல் மாதிரியான புழு எளிதில் அறுந்துவிடும். ஒரே புழுவை இரண்டாக எண்ணிவிடக் கூடாதென்று தலையை மட்டும்தான் எண்ணுவார்கள். வால் எத்தனை கிடந்தாலும் கணக்கில் சேராது. அதனால் கூடத்தில் அவளுக்குத் தலையாரி என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

முன்பு இறால் கம்பெனியில் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனித் தோலெல்லாம் உரிந்துபோன பிறகு இங்கே வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. உறவென்று சொல்ல ஒரு தம்பி. எந்த வேலையிலும் ஒட்டாதவன். அவனுக்கும் இங்கேயே சேறு அலசும் வேலையை, ஆய்வாளரிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தாள். அதில் நிலைத்துவிட்டான். அவன் பெண்டாட்டி இப்போதுதான் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுகிறாள்.

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். தம்பி தொட்டியடியில் சல்லடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

“ஏழாம் டப்பாவ எப்படிடா அலசுன?”

“எப்பவும் போலத்தான்.”

“பூவாளியிலயா?”

அவன் நிமிரவில்லை. “பூவாளியால ஊத்திக்கிட்டிருந்தா எனக்குக் கெழடு தட்டிடும்க்கா. பிசினாட்டம் ஒட்டிக்கிச்சு. குழாய வச்சு ஒரு அடி அடிச்சேன்.”

“ஒரு தலை இல்லடா உள்ள. எல்லாம் பிஞ்சு சல்லடை வழியா ஓடிப்போச்சு.”

“வால் இருக்குல்ல? வாலுக்கு ஒரு தலைன்னு போட்டுக்க. தலையாரி சொன்னா யாரு கேக்கப்போறா?”

அவள் சிரிக்கவில்லை.

“அந்த ஏழாம் எடத்துலேருந்து வந்தது இந்த ஒரு டப்பாதான். சேறு அள்ள எறக்குன மத்த பெட்டியெல்லாம் வாய் மூடாம காலியா மேல வந்துடுச்சு. இதுல ஒண்ணும் இல்லன்னா அந்த எடத்துல உசுரே இல்லன்னு எழுதிடுவாங்க. மெஷினு எறங்கிடும்.”

“எறங்கட்டுமே. அவ்வளவு ஆழத்துல கெடக்குற புழு உனக்கு மாமனா மச்சானா?”

“பக்கத்து எடத்துச் சேத்துல எத்தன தினுசு இருந்துச்சு தெரியுமா? பாதிக்கு மேல பேரே இல்லாதது. வாரிட்டா, மறுபடி வராதாம்டா.”

தம்பி சல்லடையைக் கீழே வைத்தான். குரல் தணிந்திருந்தது.

“சொல்லப்போறியாக்கா?”

அவள் தரையில் கிடந்த குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

“இது போச்சுன்னா அவ பொறந்த வீட்டுக்குப் போயிடுவா. நெஜமாவே போயிடுவா.”

“தெரியும்டா.”

ஆய்வாளர் அறைக் கதவு திறந்தே இருந்தது. வயதில் இவளைவிடச் சின்னவர், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தட்டை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு வாலா! கப்பல்லயே அறுந்திருக்குமோ?”

ஆமாம் என்று சொன்னால் போதும்.

“கப்பல்ல அறுந்ததுன்னா என்ன செய்வீங்க மேடம்?”

“அப்படியே எண்ணி, ஒண்ணும் இல்லன்னு எழுத வேண்டியதுதான். கப்பல்ல அறுந்துபோறது எல்லா டப்பாவுக்கும் பொது. நம்ம கையால கெட்டுச்சுன்னாத்தான் தள்ளி வைக்க முடியும். ஏன் கேக்கறீங்க?”

“நம்ம கையாலதான் மேடம். குழாய வச்சு அடிச்சிருக்கு.”

“யாரு?”



“என் தம்பி.”

ஆய்வாளர் தட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார். “அவர நீங்கதானே சேத்து விட்டீங்க?” என்றார்.

“ஆமா மேடம்.”

மறுநாள் பின்கட்டில் தம்பி இடத்தில் கிடங்கு ஆள் ஒருவர் சேறு அலசினார். பூவாளியைப் பிடிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். ஏழாம் இடத்தைப் பற்றி இப்போதைக்கு எதுவும் முடிவுசெய்ய முடியாது என்றும், அடுத்த கப்பல் அள்ளி வந்தபிறகு பார்க்கலாம் என்றும் ஆய்வாளர் கம்பெனிக்குச் சொன்னார். கப்பல் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. மத்தியானம் அவள் தம்பி வீட்டுக்குப் போன் செய்தாள். அவன் பெண்டாட்டி எடுத்தாள், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். இவள் சாப்பிட்டாள். எட்டாம் டப்பாவைத் திறந்து வேலையைத் தொடங்கினாள். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தாள். பஸ்ஸில் இடம் இருந்தது.